பிளேக்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் நாலைந்து எலி செத்து விழுந்தாலோ, எங்கோ ஒரு நாட்டில் பிளேக் என்று செய்தி வந்தாலோ, ஒரே கேள்விகள்தாம் மறுபடி மறுபடி வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் பிடிபடும். அவசரம் என்றால் நேரே 6-ஆம் கேள்விக்கும் 10-ஆம் கேள்விக்கும் போங்கள்.

1. பிளேக் வைரஸா, வேறு ஏதாவதா? காலராவையும் கொள்ளைநோய் என்கிறார்களே?

கூட்டங்கூட்டமாக ஆளைக் கொண்டுபோகும் எந்த நோயையும் நம் ஊரில் கொள்ளைநோய் என்றுதான் சொல்லிவந்தார்கள். பிளேக் அவற்றில் ஒன்று. அதை உண்டாக்குவது வைரஸ் அல்ல, யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியா. 1894-ல் ஹாங்காங்கில் நோய் பரவியபோது, இறந்தவர்களின் நெறிக்கட்டிகளில் மருத்துவர் அலெக்சாந்தர் யெர்சின் அதைக் கண்டறிந்தார். அதே ஊரில் அதே நாட்களில் ஜப்பானின் கிட்டசாட்டோவும் தேடிக்கொண்டிருந்தார்.

வைரஸ் இல்லை என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துக்கு இது கட்டுப்படும்.

2. எலிக்காய்ச்சலைத்தானே பிளேக் என்கிறார்கள்?

இல்லை. இந்தக் குழப்பம் மிகப் பரவலானது, ஆபத்தானதும்கூட. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எலிக்காய்ச்சல் என்று சொல்லப்படுவது லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் கால் வைப்பதால், தோல் வெடிப்பு வழியே அது உடம்புக்குள் போகிறது. மழைக்கும் வயல் வேலைக்கும் பிறகு வரும் நோய் அது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை என்று போகும்.

பிளேக்குக்குத் தண்ணீரோடு தொடர்பில்லை. அது பெரும்பாலும் வருவது தெள்ளுப்பூச்சியால். மருந்தும் வேறு. எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் நன்றாக வேலை செய்யும். பிளேக்குக்கு அதை நம்பவே கூடாது. உண்ணிக் காய்ச்சல் இன்னொரு தனி நோய். புதர்களில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு விழும்.

3. எலி கடித்தால்தான் வருமா? எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

எலி கடிக்க வேண்டியதே இல்லை. நோயுள்ள எலியின் ரத்தத்தைக் குடித்த தெள்ளு நம்மைக் கடித்தால் போதும். இதை முதலில் செய்து காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன். 1898-ல் கராச்சியில், தெள்ளுடன் கூடிய நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொடமுடியாதபடி கண்ணாடி ஜாடிக்குள் பிரித்து வைத்தார். நல்ல எலியும் நோய் கண்டு செத்தது. பல ஆண்டுகள் யாரும் அவரை நம்பவில்லை. 1905-ல் இந்தியாவில் அமைந்த பிளேக் ஆராய்ச்சிக் குழு செய்த சோதனைகளுக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

தெள்ளின் வயிற்றுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். அதன் இரைப்பைக்கு முன்னால் முள் வரிசை கொண்ட ஒரு வால்வு உண்டு. பிளேக் கிருமி அங்கே பசைபோல ஒட்டிப் பெருகி வழியை அடைத்துவிடும். ரத்தம் உள்ளே போகாததால் தெள்ளுக்குப் பசி அடங்காது. வெறிபிடித்தது போல மாறி மாறிக் கடிக்கும். உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் முட்டி, கிருமியோடு சேர்ந்து கடிவாய்க்கே திரும்பும். அடைப்பு ஏற்படுவதற்கு முன்பே ஓரளவு பரப்பக்கூடிய தெள்ளுகளும் உண்டு. ஆனால் எலித்தெள்ளுக்கு மோசமான பெயரை வாங்கித்தந்தது இந்த அடைப்புதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள், 10-ஆம் கேள்விக்கு அது வேண்டும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுகள் அதை விட்டுவிட்டு அடுத்த சூடான உடம்பைத் தேடிப் புறப்படும். பக்கத்தில் எலி இல்லையென்றால் அந்த உடம்பு நம்முடையது.

4. கவட்டையில் நெறி கட்டி, காய்ச்சலும் இருக்கு. பிளேக்கா?

நம் ஊரில் என்றால் பெரும்பாலும் இல்லை. காலில் புண், சீழ், யானைக்கால் கிருமி, பால்வினை நோய் என்று நெறி கட்டப் பல காரணங்கள் உண்டு. பிளேக்கின் நெறிக்கு அடையாளம் அதன் வேகமும் வலியும். தெள்ளு கடித்த 2 முதல் 8 நாளுக்குள் திடீரென்று குளிர்நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், தலைவலி, எழுந்து நிற்கமுடியாத சோர்வு வரும். அதோடு சேர்ந்தோ ஒரு நாள் கழித்தோ கட்டி வீங்கும். 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். தொட விடமாட்டார்கள். தொடையிடுக்கில் கட்டினால் காலை மடக்கியே படுத்திருப்பார்கள்.

தெள்ளு பெரும்பாலும் காலில் கடிப்பதால் தொடையிடுக்கில்தான் அதிகம் கட்டும். அடுத்தது அக்குள், பிறகு கழுத்து. கடிவாயில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அங்கிருந்து கட்டிவரை சிவப்புக் கோடும் ஓடாது. காலில் புண் இருந்து சிவப்புக் கோடு ஏறியிருந்தால், அது சாதாரணச் சீழ்க்கிருமி நெறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இத்தனையும் பார்த்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி இது: கடந்த 10 நாளில் எலி செத்து விழுந்த இடத்திலோ, பிளேக் உள்ள நாட்டிலோ இருந்தாரா? காட்டு விலங்கைப் பிடித்தாரா, உரித்தாரா?

5. நெறி கட்டாமலே பிளேக் வருமாமே?

வரும், அதுதான் அதிகம் கொல்வது. கிருமி நேரே ரத்தத்தில் பெருகினால் கட்டி தெரியாமலே ரத்த அழுத்தம் சரியும். விரல் நுனி, மூக்கு நுனி கறுத்து அழுகும். நெறி கட்டும் வகையான கட்டி பிளேக்குக்கு மருந்து தராவிட்டாலும் ரத்தம் வழியாக இந்த நிலைக்கோ நுரையீரலுக்கோ போகலாம்.

நுரையீரல் பிளேக் இரண்டு வழியில் வரும். கட்டியிலிருந்து உள்ளே பரவுவது ஒன்று. அப்படிப்பட்ட நோயாளி இருமுவதை நேரே மூச்சில் இழுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வகையில் 1 முதல் 3 நாளுக்குள் காய்ச்சல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி வந்துவிடும். மருந்தில்லாத கட்டி பிளேக்கில் 100-ல் 30 முதல் 60 பேர் இறப்பார்கள். மருந்தில்லாத நுரையீரல் பிளேக்கில் பிழைப்பவர் அநேகமாக இல்லை.

6. சந்தேகம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்யணும்?

அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போகும்போதே முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் “எங்கள் பக்கம் எலி செத்து விழுகிறது” என்றோ, “இன்ன ஊரிலிருந்து வந்தேன்” என்றோ முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருத்துவர் பிளேக்கை நினைத்துப் பார்ப்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் வழி. இருமல் இருந்தால் கூட்டமான வரிசையில் உட்காராமல், தனியாக உட்கார இடம் கேளுங்கள்.

மருத்துவர் செய்யவேண்டியது: முதல் ஊசி போடும் முன் ரத்த மாதிரி, கட்டி இருந்தால் அதிலிருந்தும் மாதிரி. கட்டி கெட்டியாக இருந்து ஒன்றும் வராவிட்டால் 1 அல்லது 2 மில்லி கிருமிநீக்கிய உப்புநீரை உள்ளே செலுத்தி, ரத்தம் கலந்து வரும்வரை இழுத்து எடுக்கவேண்டும். பிறகு உடனே மருந்து. முடிவு வரட்டும் என்று காத்திருப்பதுதான் பிளேக்கில் நடக்கும் மிகப் பெரிய தவறு. நுரையீரல் பிளேக்கில் அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் மருந்து ஏறவில்லை என்றால் பிழைப்பது கடினம்.

ஆய்வகத்துக்குப் “பிளேக் சந்தேகம்” என்று எழுதி அனுப்பவேண்டும். கிருமி மெதுவாக வளர்வதால், சொல்லாவிட்டால் வேறு கிருமி என்று தள்ளிவிடுவார்கள். தானியங்கிக் கருவிகளும் இதன் உறவுக்காரக் கிருமியாகத் தவறாகப் பெயரிடுவதுண்டு. கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்து வேலை செய்யும் ஆய்வக ஊழியரின் பாதுகாப்பும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நுண்ணோக்கியில் இரு முனையும் சாயமேறி ஊக்கு வடிவில் தெரிவது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதிப்படுத்துவது கல்ச்சர், அதாவது மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது. பிளேக் கிருமியின் புரதம் ஒன்றைக் காட்டும் எஃப்-1 ஆன்டிஜென் பட்டைச் சோதனை சுமார் கால் மணி நேரத்தில் முடிவு தரும். ஆய்வகமில்லாத கிராமங்களுக்கு அது பெரிய வரம்.

7. என்ன மருந்து? எத்தனை நாள்?

பழமையானது ஸ்ட்ரெப்டோமைசின்: பெரியவர்களுக்கு 1 கிராம் வீதம் நாளுக்கு 2 முறை தசையில். இப்போது அதிகம் கிடைப்பதும் பயன்படுவதும் ஜென்டாமைசின்: கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. டாக்சிசைக்ளின் முதலில் 200 மில்லிகிராம், பிறகு 100 மில்லிகிராம் வீதம் 2 வேளை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் இரண்டும் நன்றாகக் கேட்கும். மூளை உறையைத் தாக்கினால் குளோராம்ஃபெனிகாலைச் சேர்ப்பார்கள். மொத்தம் 10 முதல் 14 நாள்.

ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடியவை. அதனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவை மாற்றவேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தவிர்த்து ஜென்டாமைசின் தருவார்கள். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும், கட்டி வாரக்கணக்கில் இருக்கும். கட்டி இருக்கிறதே என்று பயந்து மருந்தை மாற்றுவதும், காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்துவதும் ஒரே அளவுக்குத் தவறு.

8. வீட்டில் அமாக்சிசிலின் இருக்கே, அதைப் போட்டுக்கொண்டால்? கட்டியைக் கீறிவிட்டால் சீழ் போய்விடாதா?

அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பம். பிளேக்கில் அது காப்பாற்றாது, செஃபலோஸ்போரின் வகையையும் நம்ப முடியாது. காய்ச்சலுக்கு வழக்கமாக எழுதித்தரும் ஆன்டிபயாடிக்குகளில் பல இந்த இரண்டு குடும்பம்தான் என்பதால், தானாக வாங்கிச் சாப்பிட்டு இரண்டு நாளை இழந்தவர்கள் பிழைப்பது கடினம்.

கட்டியைக் கீறவே கூடாது. மருந்து ஏறுமுன் கீறினால் கிருமி ரத்தத்தில் பரவும், கீறுபவருக்கும் தொற்றும். மருந்து சில நாள் போன பிறகு கட்டி பழுத்துக் குழைந்தால் மருத்துவர் வடிகால் வைப்பார், அது வேறு விஷயம்.

9. நோயாளியைத் தொடலாமா? பக்கத்தில் இருந்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

கட்டி பிளேக் மட்டும் இருப்பவர் பக்கத்தில் உட்காரலாம், பேசலாம், சோறு ஊட்டலாம். கட்டியிலிருந்து வடியும் சீழைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. இருமல் இருந்தால் நிலைமை மாறுகிறது. நோயாளியைத் தனியறையில் வைத்து, அவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் முகக்கவசம் வேண்டும். மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகி, உடம்பும் தேறத் தொடங்கினால் இந்தக் கட்டுப்பாடு தளரும். 2 மீட்டருக்குள் முகக்கவசமில்லாமல் இருந்தவர்களுக்கு 7 நாள் தடுப்பு மருந்து உண்டு. பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் 2 வேளை. எதிர்வீட்டில் இருந்தவருக்கோ தெருவில் கடந்துபோனவருக்கோ இது தேவையில்லை.

முகக்கவசம் பிளேக்கில் நிலைபெற்றது 1910-11 மஞ்சூரியாவில். பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, அங்கே பரவுவது எலித்தெள்ளால் அல்ல, மூச்சால் என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெனி சில நாளில் அதே நோயில் இறந்தார். சுமார் 60,000 உயிர்களைக் கொண்டுபோன அந்த நோய் சில மாதங்களில் அடங்கியது.

10. நாலு நாளா தினமும் எலி செத்து விழுது. எலி மருந்து வைத்து மிச்சத்தையும் கொன்றுவிடலாமா?

வேண்டாம், இப்போது வேண்டாம். 3-ஆம் பதிலில் சொன்ன தெள்ளை நினைத்துப் பாருங்கள். எலியைக் கொன்றால் ஒவ்வோர் எலியின் மேலும் இருந்த தெள்ளுகள் மொத்தமாக வெளியே வரும். முதலில் தெள்ளு, பிறகுதான் எலி. இந்த வரிசை மாறக்கூடாது. எலிப்பொறி வைப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

நகராட்சி, ஊராட்சி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள். அவர்கள் வளை வாய்களிலும் எலி ஓடும் சுவரோரங்களிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவுவார்கள். எலி அதன்மேல் ஓடும்போது தூள் மயிரில் ஒட்டி, தெள்ளு வளைக்குள்ளேயே சாகும். அது வேலை செய்த பிறகே எலிக்கு நஞ்சு. தூள் தூவிய தரையைக் கழுவிவிட்டால் எல்லாம் வீண். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறியாதீர்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, மூடிய காலணி. எலிமேலும் சுற்றியும் பூச்சிக்கொல்லி தெளித்துச் சற்று நேரம் விடுங்கள். நீண்ட இடுக்கியால் எடுத்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டுங்கள். சோதனைக்குக் கேட்டால் சுகாதார ஊழியரிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஆழப் புதையுங்கள் அல்லது எரியுங்கள். அக்கம்பக்கத்தில் யாரும் எலி மருந்து வைக்காமலே ஒரே இடத்தில் பல எலிகள் விழுவதுதான் கவலைப்படவேண்டிய செய்தி. ஒற்றை எலி தெருவில் செத்துக் கிடப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு.

11. வீட்டில் பூனை இருக்கு. நாய் இருக்கு.

நாய்க்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும், ஆனால் தெள்ளைச் சுமந்து வரும். பூனை அப்படியில்லை. நோயெலியைத் தின்று தானும் கடுமையாக விழும், இருமி நேரே மனிதருக்கு நுரையீரல் பிளேக்கையும் தரும். 2024-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவருக்கு வந்தது வளர்ப்புப் பூனையிடமிருந்துதான். நோய் உள்ள பகுதி என்றால் தெள்ளு மருந்து போடுங்கள், படுக்கையில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

12. ஐரோப்பாவின் ‘கறுப்புச் சாவு’ இதே நோய்தானா? உறுதியாகத் தெரியுமா?

இதேதான். 1346 முதல் 1353 வரை ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்களைக் கொன்றது. லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் புதைந்தவர்களின் பல்லிலிருந்து எடுத்த கிருமியின் மரபணுவை 2011-ல் முழுதாக வாசித்தார்கள். கிர்கிஸ்தானின் இசிக்-குல் ஏரிக்கருகே 1338-39 கல்லறைகளிலும் அதே கிருமி கிடைத்ததை 2022-ல் வெளியிட்டார்கள். இதற்கு முன் 541-ல் ஜஸ்டினியன் பேரரசரின் காலத்தில் ஒரு பெருவாரி. இதற்குப் பின் சீனாவின் யுன்னானில் தொடங்கி ஹாங்காங் வழியே உலகைச் சுற்றியது மூன்றாவது.

அந்நாளில் எலியின்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனாலும் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள்: காத்திருக்க வைப்பது. 1377-ல் ரகூசா, இன்றைய துப்ரோவ்னிக், நோயூர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்தியது. பின்னர் அது 40 ஆனது. நம் பக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துப் பார்த்த பிறகே கப்பலேற்றியதும் அதே முறையின் தொடர்ச்சிதான்.

13. இந்தியாவில் அவ்வளவு பேர் செத்தது ஏன்?

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார். அடுத்த இருபது சொச்சம் ஆண்டுகளில் 1 கோடிக்கு மேல் இறந்தார்கள். 1907-ல் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். சாவித்திரிபாய் ஃபுலே, பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டபோது தொற்றி, 1897 மார்ச் 10-ல் இறந்தார்.

அரசு மனிதர்களை விரட்டியது, தெள்ளை விட்டுவிட்டது. 1897-ல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சிப்பாய்கள் வீடு புகுந்து தேடினார்கள், நோயாளிகளைப் பிரித்தார்கள், துணிமணியை எரித்தார்கள். புனேயில் இந்த வேலையை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-ல் சுடப்பட்டார். மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய தானிய மூட்டைக்குள் எலியும் தெள்ளும் கூடவே போயின. சாக்கடையில் கார்பாலிக் அமிலம் கொட்டிக் கழுவியது தெள்ளைத் தொடவில்லை.

14. பம்பாயிலும் பஞ்சாபிலும் அத்தனை சாவு. சென்னை எப்படித் தப்பியது?

இதற்கான விடை தெள்ளின் இனத்தில் இருக்கிறது. பிளேக்கைத் திறமையாகப் பரப்பும் தெள்ளின் பெயர் கியோப்பிஸ். சென்னை எலிகளிலும் கொழும்பு எலிகளிலும் பெரும்பாலும் இருந்தது அதன் உறவான ஆஸ்டியா. அதற்குப் பரப்பும் திறன் குறைவு. 1914-ல் கொழும்பில் பிளேக் வந்தபோது, நோய் கண்ட தெருக்களில் கியோப்பிஸும் மற்ற இடங்களில் ஆஸ்டியாவும் இருந்ததை ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் கவனித்தார். வெப்பத்துக்கும் பங்குண்டு: 28 பாகை செல்சியஸைத் தாண்டத் தாண்டத் தெள்ளின் வயிற்று அடைப்பு சரியாக உண்டாவதில்லை.

மேடான, குளிர்ந்த ஊர்கள் தப்பவில்லை. 1898-ல் பெங்களூர் பாடுபட்டது. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன, எத்தனை பயந்திருந்தால் நோயின் பெயரிலேயே அம்மனை வைத்திருப்பார்கள்!

15. இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

2010 முதல் 2015 வரை உலகில் 3,248 பேருக்கு வந்தது, 584 பேர் இறந்தார்கள். அதிகம் காங்கோ ஜனநாயகக் குடியரசு, மடகாஸ்கர், பெரு. மடகாஸ்கரில் 2017-ல் நகரங்களுக்குள் நுரையீரல் பிளேக்காகப் பரவி, சந்தேக நோயாளிகளையும் சேர்த்து 2,417 பேர், 209 சாவு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆண்டுக்குச் சராசரி 7 பேர்.

இந்தியாவில் 2002-ல் இமாச்சலின் சிம்லா மாவட்டத்தில் 16 பேர், 4 சாவு. காட்டுப் பூனையை வேட்டையாடி உரித்தவரிடமிருந்து தொடங்கியது அது. 2004-ல் உத்தரகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் 8 பேர், 3 சாவு.

16. 1994-ல் சூரத்தில் வந்தது உண்மையிலேயே பிளேக்தானா? புரளி என்றார்களே?

பிளேக்தான். புரளி அதன்மேல் ஏறிக்கொண்டது. ஆகஸ்டில் மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கட்டி பிளேக், செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 876 பேர், 54 சாவு. கல்ச்சர் எடுப்பதில் ஏற்பட்ட குறைகளால் அப்போது சர்ச்சை எழுந்தது. பின்னர் கிருமியின் மரபணுச் சோதனைகள் அதை உறுதிசெய்தன. சில நாளில் லட்சக்கணக்கானோர் சூரத்தைவிட்டு வெளியேறினார்கள், கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்தது. அத்தனை பேர் ஓடியும் போன ஊர்களில் பெரிதாகப் பரவவில்லை. 9-ஆம் பதிலில் சொன்னதுபோல, நுரையீரல் பிளேக்குக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும்.

17. தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

பொதுமக்களுக்கு இல்லை. கிருமியியல் ஆய்வாளர் ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பூசி செய்து 1897 ஜனவரி 10-ல் தனக்கே போட்டுக்கொண்டார், லட்சக்கணக்கானோருக்கு அது பயன்பட்டது. ஆனால் அவ்வகை ஊசிகள் நுரையீரல் பிளேக்கைத் தடுக்கவில்லை. இன்று ஆய்வக ஊழியர் போன்ற சிலருக்கு மட்டுமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. புதியவை சோதனையில் இருக்கின்றன.

18. பெரியம்மையை ஒழித்தோமே, இதை ஏன் முடியவில்லை?

பெரியம்மை மனிதரிடம் மட்டுமே வாழ்ந்தது. பிளேக்கின் சொந்த வீடு காட்டுக் கொறிவிலங்குகளின் வளை. நாம் அதில் தற்செயலாக மாட்டிக்கொள்பவர்கள். 1900-ல் கப்பலில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த நோய் தரையணில்களுக்குள் புகுந்து இன்றுவரை அங்கே இருக்கிறது. அதே ஆண்டு சிட்னிக்கும் வந்தது. காட்டுக்குள் புகவில்லை, மறைந்துபோனது.

நம் தெற்கில் கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் சேரும் கோலார், சித்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய காட்டுக் களம். 1966-ல் கோலாரின் முல்பாகலில் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பிளேக் கண்காணிப்புப் பிரிவு வெள்ளெலி போன்றவற்றையும் நாய்களின் ரத்தத்தையும் சோதித்துவருகிறது. நாய் சாகாமல், கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை மட்டும் வைத்திருப்பதால், வளைக்குள் நடப்பதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். எலி விழுந்தால் சொல்லுங்கள் என்று 10-ஆம் பதிலில் கேட்டுக்கொண்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

19. வீடு கட்டத் தோண்டும்போது பழைய பிளேக் இடுகாடு வந்தால் நோய் வருமா?

வராது. வெயிலும் உலர்வும் பட்டால் இந்தக் கிருமி விரைவில் சாகும். 12-ஆம் பதிலில் சொன்ன 660 ஆண்டுப் பழைய பல்லில் கிடைத்தது உயிருள்ள கிருமி அல்ல, துண்டு துண்டாகச் சிதைந்த மரபணு மட்டுமே. தோண்டும் இடத்தில் இன்று உயிரோடு ஓடும் எலிகளைத்தான் கவனிக்கவேண்டும்.